முப்பத்தெட்டு வண்டி எரு

மெனோ கிங்கெரிச் தன் மச்சான் ஏனோஸுக்குத் தர வேண்டியது நாலாயிரத்து இருநூற்றுப் பதினேழு டாலர் அறுபது சென்ட். பதினாறு டன் நிலக்கரி, டன் இருநூற்று அறுபத்து மூன்று டாலர் அறுபது சென்ட் வீதம். இரண்டு குளிர்காலத்துப் பாக்கி. வட்டி கிடையாது. காரும் மின்சாரமும் வைத்துக்கொள்ளாத இந்தக் கிறிஸ்தவச் சபைக்குள், அதுவும் தங்கச்சி புருஷனிடம் வட்டி வாங்கினால் ஞாயிற்றுக்கிழமை ஒருத்தர் முகத்திலும் விழிக்க முடியாது. பத்திரமும் கிடையாது. ஏனோஸின் கறுப்பு அட்டை நோட்டில் ஒரு பக்கம், அவ்வளவுதான்.

ஊரில் அவனைக் கரி ஏனோஸ் என்பார்கள். அந்தப் பேரில் நாலு பேர் இருந்தார்கள். ஒருத்தன் கோழி ஏனோஸ். ஒருத்தன் பிரசங்கத்தில் தூங்குவதால் தூக்க ஏனோஸ். இன்னொருத்தன் நல்லவன், அவனுக்குப் பட்டப்பேர் எதுவும் ஒட்டவில்லை.

மெனோவிடம் இருந்ததெல்லாம் ஒரு பசுமைக்குடில். முப்பதடி அகலம், தொண்ணூற்றாறு அடி நீளம், வளைந்த இரும்புக் குழாய்கள் மேல் இரட்டைப் பிளாஸ்டிக் போர்த்தியது. உள்ளே ஆறு பாத்தி. ஒவ்வொரு பாத்திக்கு அடியிலும் வெந்நீர்க் குழாய் ஓடியது. குடிலின் கோடியில் நிலக்கரியில் எரியும் கொதிகலன். இந்த ஒஹையோ குளிரில் பிப்ரவரியில் தக்காளி நட வேண்டுமென்றால் வேறு வழி இல்லை. செடியின் தலைக்குக் கொஞ்சம் குளிர் பட்டாலும் தாங்கிக்கொள்ளும். கால் குளிர்ந்தால் போச்சு. நட்டது நட்டபடி நிற்கும், ஊதா நிறத்தில், வளரவும் வளராது, சாகவும் சாகாது. ஃபாரன்ஹீட் வெப்பமானியின் முள் முப்பத்திரண்டுக்கு வந்தால் தண்ணீர் கல்லாகிவிடும். தக்காளி வேருக்கு அறுபத்தைந்தாவது வேண்டும். அந்த வித்தியாசத்தைத்தான் மெனோ ஏனோஸிடம் டன் கணக்கில் வாங்கிக்கொண்டிருந்தான்.

மே மாதம் முதல் வாரத்தில் ஏலத்துக்குப் போகிற தக்காளிக்குப் பவுண்டு மூன்று டாலர். ஜூலையில் எல்லார் தோட்டத்திலும் பழுத்துவிடும், அப்போது பெட்டியோடு கொடுத்தாலும் ஆள் வராது. போன வருஷம் இலைக்கருகல் நோய் வந்து மே மாதம் கைவிட்டுப் போனது. அதற்கு முந்தின வருஷம் பனிச்சுமையில் கூரை கிழிந்தது.

டிசம்பர் முதல் வாரம் மெனோ வண்டியைக் கட்டிக்கொண்டு கரிக்கொட்டகைக்குப் போனான். ஏனோஸ் மண்வாரியைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து மெனோவின் குதிரையைக் கழுத்தில் தட்டிக்கொடுத்தான். ஆளைப் பார்க்காமல் குதிரையைப் பார்த்தே பேசினான்.

"வண்டி காலியாத்தான் வந்திருக்கு."

"நிரப்பிக்கிட்டுப் போகத்தான் வந்தேன்."

"எதைக் குடுத்து?"

"மே மாசம் முதல் பழம் ஏலத்துக்குப் போனதும் மொத்தத்தையும் தந்துடறேன், ஏனோஸ்."

"போன வருஷமும் இதே மே மாசத்தைத்தான் சொன்னே. மே மாசம் வந்துச்சு, போச்சு. பணந்தான் வழி தெரியாம எங்கேயோ நின்னுருச்சு."

"நோய் விழுந்துச்சுன்னு உனக்குத் தெரியும்."

"எனக்குத் தெரியும். எனக்குக் கரி அனுப்புற பென்சில்வேனியாக்காரனுக்குத் தெரியாதே. அவன் ரொக்கம் கேக்குறான். உன் தக்காளி கதையை அவன்கிட்டச் சொன்னா அழுவானா?"

ஏனோஸ் குதிரையின் கழுத்துப்பட்டையைச் சரி செய்தான், அது சரியாகத்தான் இருந்தது.

"பழசு தீர்ற வரைக்கும் புதுசா ஒரு கூடை கூட ஏத்த முடியாது. தப்பா எடுத்துக்காதே. இன்னொண்ணு. என் மகன் ஜூனியர் கல்யாணம் பண்ணிட்டு மாமனார் வீட்டு மாடியில கிடக்கான். அவனுக்கு ஒரு பிழைப்பு பாத்துக் குடுக்கணும். உன் குடில் எனக்குப் பிடிச்சிருக்கு."

"எங்கிட்ட இருக்கிறது அது ஒண்ணுதான்."

"இருக்கிறதைத்தானே கேக்க முடியும்? இல்லாததையா கேக்க?"

கடைசியில் இப்படி முடிந்தது: ஜூன் முதல் தேதிக்குள் பணம் வந்தால் நோட்டில் அடித்துவிடுவது, வராவிட்டால் குடில் ஏனோஸுக்கு. கொதிகலன், குழாய், பிளாஸ்டிக், மண் எல்லாம் சேர்த்து. இருவரும் கைகுலுக்கினார்கள். இங்கே அது போதும். எழுதிக் கேட்பது அவமானம்.

வண்டியைத் திருப்பும்போதுதான் மெனோ கொட்டிலின் பின்பக்கத்தைப் பார்த்தான். மாதச் சந்தைக்கு வரும் குதிரைகளை ஏனோஸ் தன் கொட்டிலில் கட்டித் தீனி போட்டு நாள் கூலி வாங்குவான். அவற்றின் லத்தியும் வைக்கோலும் அங்கே மலையாகக் குவிந்திருந்தது. சுற்றிலும் முழங்கால் பனி. குவியலின் மேல் மட்டும் பனி இல்லை. ஆவி எழுந்துகொண்டிருந்தது.

மெனோ குதிரையை நிறுத்தினான். அவன் தாத்தா காலத்தில் கொதிகலன் ஏது? பாத்திக்கு அடியில் பச்சை லத்தியை மிதித்து அடைத்து மேலே மண் போட்டு மூடுவார்கள். அது உள்ளே புழுங்கிச் சூடேறும்.

"ஏனோஸ், அதை நான் அள்ளிக்கட்டுமா?"

"எதுக்கு?"

"பாத்திக்கு அடியில போட. கரி இல்லாம மண்ணைச் சூடாக்க."

ஏனோஸ் மோவாயைச் சொறிந்தான். "போன வருஷம் கொஞ்சம் எடுத்துட்டுப் போனியே, சோளத்துக்கு. எப்படி வந்துச்சு?"

"குதிரை உள்ள போனா தலை தெரியல. அவ்வளவு உசரம்."

"அப்பறம் என்ன? அள்ளிட்டுப் போ. காசு வேணாம். சொல்லப்போனா இடம் காலியானா எனக்கும் நல்லதுதான்."

மெனோவுக்கு அன்றைக்கு ஏனோஸ் மேல் கோபம்கூடக் குறைந்துவிட்டது. கரி இல்லை என்றான், ஆனால் சூட்டைச் சும்மா கொடுத்தான் என்று லொவைனாவிடம் சொன்னான். லொவைனா ஏனோஸின் தங்கை.

"எங்கண்ணன் சும்மா ஒண்ணு குடுத்தானா? தேதியைக் குறிச்சு வை," என்றாள்.

வேலை மூன்று வாரம் பிடித்தது. முதலில் பாத்திகளைத் தோண்டி வெந்நீர்க் குழாய்களை எடுத்துச் சுருட்டி வைத்தான். ஒவ்வொரு பாத்தியும் தொண்ணூறு அடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி ஆழம். அதை நிரப்ப முப்பத்தெட்டு வண்டி லத்தி போனது. காலையில் இரண்டு வண்டி, இருட்டுவதற்குள் ஒன்று. குளிரில் விரல் கவைக்கோலோடு ஒட்டிக்கொள்ளும். குவியலுக்குள் குத்தி எடுத்தால் முகத்தில் சூடு அடிக்கும், கண்ணில் நீர் முட்டும். அவன் கொண்டுவந்து கொட்டக் கொட்ட லொவைனாவும் பெரிய மகள்கள் இருவரும் ரப்பர் பூட்ஸோடு பள்ளத்தில் இறங்கி மிதித்தார்கள். தளர்வாகக் கிடந்தால் நாலு நாளில் எரிந்து அடங்கிவிடும். இறுக்கி மிதித்து வெந்நீர் தெளித்தால் இரண்டு மாதம் நின்று சூடு கொடுக்கும்.

"கல்யாணமான புதுசுல என்னைச் சூடான ஊருக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னே," என்றாள் லொவைனா, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மிதித்தபடி.

"இது ஃப்ளோரிடாதான்னு நெனச்சுக்கோ. கீழே சூடு, மேலே வெளிச்சம்."

"ஃப்ளோரிடாவுக்குப் போன உங்க அக்கா திரும்பி வந்தப்ப ஆரஞ்சு வாசனை அடிச்சுது. என்னை மோந்து பாரு."

மகள்கள் சிரித்தார்கள். சின்னவள் சிரித்ததில் வழுக்கி உட்கார்ந்தே விட்டாள்.

மேலே ஒரு சாண் மண் போட்டு மூடியதும் மெனோ முழ நீளக் கம்பி வெப்பமானியைக் குத்தி வைத்தான். இரண்டாம் நாள் முள் நூறைத் தாண்டியது. நாலாம் நாள் நூற்று நாற்பது. அந்தச் சூட்டில் நட்டால் வேர் வெந்துவிடும். காத்திருந்தான். பிப்ரவரி நடுவில் இறங்கி இறங்கி அறுபத்தெட்டில் நின்றது, காலையிலும் அறுபத்தெட்டு, சாயங்காலமும் அறுபத்தெட்டு. கரி போட்ட வருஷங்களில்கூட முள் இப்படி அசையாமல் நின்றதில்லை. காற்றைச் சூடாக்க ஒரு விறகடுப்பு போதுமாக இருந்தது. விறகு அவன் தோப்பிலேயே கிடைத்தது.

பதினெட்டாம் தேதி அறுநூறு நாற்றையும் நட்டார்கள். சமையலறை ஜன்னலில், மாடிப்படியில், துணி தைக்கிற மேஜையில் என்று வீடு முழுக்க வளர்த்த நாற்று. வெளியே பிளாஸ்டிக் மேல் பனி சரசரவென்று சரிந்துகொண்டிருந்தது. உள்ளே மெனோ சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு முழங்காலில் நகர்ந்து நகர்ந்து நட்டான். மண் வெதுவெதுப்பாக இருந்தது, புதிதாக இட்ட முட்டையைக் கையில் எடுத்த மாதிரி.

முதல் இரண்டு வாரம் செடிகள் விறுவிறுவென்று கிளம்பின. மெனோ ஒவ்வொன்றுக்கும் மேலிருந்து கயிறு தொங்கவிட்டான். மனசுக்குள் கணக்கு போட்டான். செடிக்குப் பதினைந்து பவுண்டு என்று குறைத்தே வைத்தாலும் ஒன்பதாயிரம் பவுண்டு. முதல் மூன்று வாரப் பழத்திலேயே ஏனோஸின் பக்கம் தீர்ந்துவிடும். மீதியில் கூரை மாற்றலாம், பல் வலியோடு இருக்கும் நடு மகளை வைத்தியரிடம் காட்டலாம்.

மார்ச் எட்டாம் தேதி காலையில் மூன்றாம் பாத்தியில் ஒரு செடியின் நுனி அவனுக்குப் பிடிக்கவில்லை. புது இலை விரியாமல் உள்பக்கமாகக் கிண்ணம்போல் மடங்கியிருந்தது. கிள்ளிப் போட்டான். மறுநாள் அதே பாத்தியில் பத்து செடி. அதற்கடுத்த நாள் எண்ணுவதை விட்டான். நுனிகள் பெரணி இலைச் சுருள்போலச் சுருண்டன. இலை அகலம் குறைந்து குறைந்து வெறும் நூலாயிற்று. தண்டு முறுக்கிக்கொண்டு தரைப்பக்கம் திரும்பியது.

சூடு அதிகமோ என்று கம்பியைக் குத்திப் பார்த்தான். அறுபத்தேழு. புகையோ என்று அடுப்புக் குழாயைக் கழற்றித் துடைத்துப் பூட்டினான். நச்சுயிரி நோயாக இருந்தால் கை வழியாகப் பரவும், பால் அதைத் தடுக்கும் என்று ஒரு வாளியில் ஆடை நீக்கிய பால் வைத்து, செடிக்குச் செடி கையை அதில் முக்கி முக்கித் தொட்டான். லொவைனா வாசலில் நின்று பார்த்தாள்.

"பாலை அந்த வாளியில ஊத்துறதுக்கு பதிலா குழந்தைகளுக்காவது குடுக்கலாம், மெனோ."

"இன்னும் ரெண்டு நாள் பாப்போம்."

"எதைப் பாக்குறது? எனக்குக் கண்ணு தெரியுது."

அவன் திரும்பாமல் அடுத்த செடிக்குக் கையை நீட்டினான்.

மாவட்ட வேளாண்மை அலுவலகத்திலிருந்து ஒரு இங்கிலீஷ்காரப் பெண் காரில் வந்தாள். இங்கே சபையைச் சேராதவர்கள் எல்லாருமே இங்கிலீஷ்காரர்கள்தான். நடுவயசு, கைமுட்டியில் கிழிந்த கோட்டு. குந்தி உட்கார்ந்து ஒரு நுனியைத் திருப்பிப் பார்த்தாள். வேறு எதையும் தொடவில்லை. நோயைப் பற்றி ஏதாவது கேட்பாள் என்று மெனோ நினைத்தான்.

"இந்த எருவைப் போட்ட குதிரைங்க என்ன தின்னுச்சு?" என்றாள்.

"காய்ந்த புல்தான். வேற என்ன?"

"யாரு வயல் புல்லு?"

"தெரியாது. என் மச்சான் எங்கேயோ வாங்கினது."

அவள் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டாள். "ஒரு களைக்கொல்லி இருக்கு. மேய்ச்சல் நிலத்துல அடிப்பாங்க. அகல இலைக் களை மட்டும் சாகும், புல்லுக்கு ஒண்ணும் ஆகாது. தின்னுற குதிரைக்கும் ஒண்ணும் ஆகாது. அப்படியே வயித்து வழியா லத்தியில வந்துடும். லத்தி எரிஞ்சு சூடாகிறதுல எல்லாம் அது அழியாது."

"இதே லத்தியைப் போன வருஷம் சோளத்துக்குப் போட்டேன். நல்லா வந்துச்சு."

"சோளமும் புல்லு ஜாதிதானே."

அவள் பேசிக்கொண்டே இருந்தாள். இரண்டு சட்டியில் பீன்ஸ் விதைத்துப் பார்க்கச் சொன்னாள், ஒன்றில் சொந்தக் குதிரையின் எரு, மற்றதில் இந்த எரு. பீன்ஸ் பொய் சொல்லாது என்றாள்.

"நீங்க சொன்னபடியே இருந்தா, இந்த மண்ணு எத்தனை நாளைக்கு இப்படி இருக்கும்?"

"சொல்ல முடியாது. மண்ணுக்கு மண்ணு மாறும். எருவை எடுத்துட்டா சீக்கிரம் தெளியலாம், தெளியாமலும் போகலாம். வருஷா வருஷம் பீன்ஸ் போட்டுப் பாருங்க."

அன்றைக்கே சட்டி வைத்தான். பத்தாம் நாள் ஒரு சட்டியில் பீன்ஸ் நிமிர்ந்து நின்றது. மற்றதில் முதல் இலை கைவிரலை மடக்கியதுபோல் மூடியே கிடந்தது. லொவைனா இரண்டையும் ஜன்னலிலிருந்து எடுத்துக் கொல்லையில் வைத்தாள். சாப்பாட்டு மேஜையிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்க அவளால் முடியவில்லை.

மறுநாள் மெனோ ஏனோஸின் வீட்டுக்கு நடந்தே போனான். பட்டறையில் ஏனோஸ் தராசுக் கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

மெனோ வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தது ஒரே ஒரு வாக்கியம்தான். அதைச் சொன்னான். "செடி அத்தனையும் செத்துப்போச்சு, ஏனோஸ். மே மாசம் ஒண்ணும் வராது. ஜூன் வரைக்கும் நீ காத்திருக்க வேணாம். பேசினபடி குடிலை எடுத்துக்கோ."

ஏனோஸ் துணியைக் கீழே வைத்தான். சந்தோஷப்படுவான் என்று மெனோ நினைத்திருந்தான். ஏனோஸ் ஜன்னலைப் பார்த்தான்.

"எனக்கெதுக்குக் குடிலு?"

"ஜூனியருக்குன்னு சொன்னியே."

"அவன் மரப்பலகைப் பட்டறைக்கு வேலைக்குப் போறான். நல்ல கூலி. அவனுக்கு வேணாம்."

"பேசினது பேசினதுதானே?"

"வேணாம்ங்கிறேன்ல? மூணு வருஷத்துக்கு ஒண்ணும் முளைக்காத மண்ணை வச்சுக்கிட்டு அவன் என்ன பண்ணுவான்? பொம்மை செய்வானா?"

மெனோ சுவரில் சாய்ந்தான். வெளியே யாரோ வண்டியைப் பின்னோக்கித் தள்ளுகிற சத்தம். அது நின்ற பிறகு பேசினான்.

"செடி செத்துப்போச்சுன்னு மட்டுந்தான் சொன்னேன். மண்ணைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலியே."

ஏனோஸ் துணியை மறுபடி கையில் எடுத்தான்.

"மூணு வருஷம்னு உனக்கு யாரு சொன்னா? அலுவலகத்துலேர்ந்து வந்த அம்மாவுக்கே தெரியலே."

"புல்லு வித்தவன் ஒரு தாள் குடுத்தான்," என்றான் ஏனோஸ். குரல் இறங்கிவிட்டது. "பாதி விலைக்குக் குடுத்தான். தாளை யாரு படிக்கிறா?"

"நீ படிச்சிருக்கே."

"அடுப்பு பத்த வைக்க எடுத்தேன். அப்பதான் கண்ணுல பட்டுச்சு. இந்தப் புல்லோட எருவைக் காய்கறித் தோட்டத்துல போடாதீங்கன்னு. மூணு வருஷம்னு."

"எப்போ?"

"டிசம்பர்ல."

"டிசம்பர்ல எப்போ?"

ஏனோஸ் தராசுக் கல்லை எடுத்தான், வைத்தான். "நீ ஏழோ எட்டோ வண்டி அள்ளியிருந்தே."

"எட்டா?"

"எட்டுன்னு வச்சுக்கோ."

"அதுக்கப்பறம் நான் இன்னும் முப்பது வண்டி அள்ளினேன். உன் கண்ணு முன்னாடிதான் அள்ளினேன். ஒருநாள் எனக்குக் காபி குடுத்தே."

"சோளம் குதிரையையே மறைச்சுதுன்னு நீதானே சொன்னே!" ஏனோஸ் திடீரென்று கத்தினான். "நீயே நல்லா வந்துச்சுன்னு சொன்னப்பறம் எங்கேயோ இருக்கிறவன் அச்சடிச்ச தாளை நான் நம்பணுமா? அவனுங்க எதுக்குத்தான் தாள் குடுக்கல? கொசு மருந்துக்குக் கூடத்தான் குடுக்குறான். அந்தக் குவியலு ஒழிஞ்சா போதும்னு இருந்துச்சு. அவ்வளவுதான். உன்னைக் கெடுக்கணும்னு நான் நெனக்கல."

"வேற யாருக்காவது குடுத்தியா?"

"இல்ல. வேற யாரும் கேக்கல."

மெனோ வெளியே வந்தான். கை ஓங்குவது இந்தச் சபையில் யாருக்கும் பழக்கமில்லை. அவன் கைகள் கோட்டுப் பைக்குள்ளேயே இருந்தன. பாதி தூரம் வந்த பிறகுதான் இரண்டு உள்ளங்கையிலும் நகம் பதிந்திருப்பதைப் பார்த்தான்.

வீட்டுக்கு வந்து லொவைனாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் நூடுல்ஸ் மாவை உருட்டிக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை. மாவு காகிதம்போல் ஆகிற வரை உருட்டினாள்.

"எட்டாவது வண்டியா," என்றாள் கடைசியில்.

ஏப்ரலில் திருவிருந்து. அதற்கு இரண்டு வாரம் முன்னால் ஒப்புரவுக் கூட்டம். அன்றைக்கு ஒவ்வொருத்தரையும் கேட்பார்கள், ஆண்டவரோடும் அயலாரோடும் சமாதானமாக இருக்கிறாயா என்று. ஒருத்தர் இல்லை என்று சொல்லிவிட்டால் மொத்தச் சபைக்கும் அப்பமும் திராட்சை ரசமும் தள்ளிப் போகும். நாற்பத்தொரு குடும்பம் ஒரு ஆள் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கும். மெனோ செத்த செடிகளைப் பிடுங்கித் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்தவர்கள் விஷயத்தை விசாரித்துவிட்டார்கள். அது சபைப் பிணக்குகளைத் தீர்த்துவைக்கும் டீக்கன் ரூபனின் காதுக்குப் போனது.

வியாழக்கிழமை மத்தியானம் ரூபன் ஏனோஸைத் தன் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு வந்தார். அறுபது தாண்டியவர், காது கொஞ்சம் மந்தம், அதனால் எல்லாவற்றையும் சத்தமாகத்தான் சொல்வார். மெனோ குடிலிலிருந்து கையைக் கழுவிக்கொண்டு வந்தான். நாலு பேரும் சமையலறை மேஜையில் உட்கார்ந்தார்கள். லொவைனா காபி ஊற்றினாள். ஆப்பிள் பை இருந்தது, அதை அலமாரியிலிருந்து எடுக்கவில்லை.

"கோர்ட்டு கச்சேரி நம்ம வழக்கம் இல்ல," என்று ஆரம்பித்தார் ரூபன்.

"நான் கோர்ட்டுக்குப் போறேன்னு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. ஆரம்பிக்கணுமேன்னு ஆரம்பிச்சேன். ஏனோஸ் கடனை விட்டுடறேங்கிறான். மொத்தத்தையும்."

மெனோ காபியைப் பார்த்தான். "என் தக்காளி நல்லா வந்திருந்தா பதினஞ்சாயிரத்துக்குக் கொறையாது, ரூபன்."

"அது விளையாத தக்காளி. விளையாததுக்கு எப்படிக் கணக்கு போடுறது?"

"விளைஞ்சிருக்கும்."

"இருக்கலாம். போன வருஷம் விளைஞ்சுதா?"

ரூபன் கெட்டவர் இல்லை. ஆனால் இரண்டு பேரை ஒரே நுகத்தில் பூட்டி ஞாயிற்றுக்கிழமைக்குள் கொண்டு சேர்க்க வேண்டிய வேலை அவருக்கு. எந்தக் காளைக்குக் கழுத்துப் புண் என்று பார்க்க நேரமில்லை.

"இனி குடிலை என்ன பண்ணப் போறே?" என்றார், கொஞ்சம் தணிந்து.

"எருவை எடுக்கணும். ஒரு பாத்தி எடுத்துட்டேன். இன்னும் அஞ்சு இருக்கு. அதைக் கொட்டவும் இடம் இல்ல, எங்க கொட்டினாலும் அங்க புல்லு, சோளம் தவிர ஒண்ணும் வராது. திங்கக்கிழமையிலேர்ந்து பலகைப் பட்டறைக்குப் போறேன். ஆணி அடிக்க. ஜூனியர் பக்கத்து மேஜையாம்."

ஏனோஸ் தலை நிமிரவில்லை.

"ஞாயித்துக்கிழமை கேட்டா என்ன சொல்லுவே?" என்றார் ரூபன்.

"சமாதானம்னு சொல்லுவேன்."

"மனசோடயா?"

"வாயால சொல்றேன். மனசு மெதுவா வரட்டும். அது இப்போ எரு அள்ளிக்கிட்டிருக்கு."

ரூபன் அதற்கு மேல் கிண்டவில்லை. ஏனோஸைப் பார்த்துத் தலையசைத்தார். ஏனோஸ் கோட்டுக்குள்ளிருந்து கறுப்பு அட்டை நோட்டை எடுத்தான், பக்கத்தைப் புரட்டினான், தொகைக்குக் கீழே எழுத ஆரம்பித்தான். எழுத்து பெரிசு பெரிசாக இருந்தது. லொவைனா காபிப் பாத்திரத்தோடு அவன் தோளுக்குப் பின்னால் நின்றாள்.

"என்னண்ணா எழுதுறே?"

"விட்டுட்டேன்னுதான்."

"படிச்சுக் காட்டு."

ஏனோஸ் தயங்கினான். "தங்கச்சி குடும்பத்தின் கஷ்டத்தை முன்னிட்டு மன்னிக்கப்பட்டது."

லொவைனா பாத்திரத்தை மேஜையில் வைத்தாள். சத்தம் ரூபனுக்கே கேட்டது.

"அதை அடி."

"லொவைனா," என்றார் ரூபன்.

"அவன் எங்களை மன்னிக்கிறானா? நாளைக்கு அவன் பேரப்பிள்ளைங்க இந்த நோட்டைப் பாப்பாங்க. எங்க தாத்தா எவ்வளவு நல்லவரு, கடனைத் திருப்பிக் குடுக்க வக்கில்லாத ஏழைகளை மன்னிச்சாருன்னு படிப்பாங்க. அதை அடிண்ணா. எருவுக்கு ஈடுன்னு எழுது."

"வார்த்தையில என்னம்மா இருக்கு? தொகை போனா சரிதானே?" என்றார் ரூபன்.

"வார்த்தையில ஒண்ணும் இல்லைன்னா மாத்தி எழுதறதுல அவனுக்கென்ன நஷ்டம்?"

ரூபன் மெனோவைப் பார்த்தார், பெண்டாட்டியை அடக்குவான் என்று. மெனோ மேஜையில் இருந்த காபிக் கறையைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தான். ஏனோஸின் கழுத்து சிவந்துவிட்டது. எழுதியதைக் கோடு போட்டு அடித்தான்.

"எருவுக்கு ஈடாக," என்று சொல்லிக்கொண்டே எழுதினான்.

"எத்தனை வண்டின்னும் போடு," என்றாள் லொவைனா.

"முப்பத்தெட்டு வண்டி எருவுக்கு..."

"முப்பது," என்றான் மெனோ.

மூன்று பேரும் அவனைப் பார்த்தார்கள்.

"முதல் எட்டு வண்டி அள்ளினப்ப அவனுக்கும் தெரியாது. அதைச் சேக்காதே. அது என் தலையெழுத்து. முப்பதுன்னு எழுது."

ஏனோஸ் நோட்டின் மேல் குனிந்தான். அவன் மூக்கு நுனியில் ஒரு சொட்டு திரண்டு நோட்டில் விழப் பார்த்தது, புறங்கையால் துடைத்துக்கொண்டான். முப்பது என்று எழுதினான். தொகையின் மேல் குறுக்குக் கோடு இழுத்தான். தேதி போட்டான். ரூபன் சாட்சிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு நோட்டை மெனோவின் பக்கம் நகர்த்தினார்.

மெனோ நாலாயிரத்து இருநூற்றுப் பதினேழு டாலர் அறுபது சென்ட்டை ஒருமுறை படித்தான், குறுக்குக் கோட்டுக்கு அடியிலும் எண்கள் தெளிவாகத்தான் தெரிந்தன. நகக்கண்ணில் எரு ஒட்டியிருந்த கையால் தன் பேரை எழுதினான்.